பாட்டியின் பச்சைக்கல் வளையலுக்கு நல்லெண்ணெய் தடவலாமா? – ஜேட் பொருள்களின் பராமரிப்பு குறித்து

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று ஜேட் பொருள்கள் இருக்கின்றன. என் தாத்தா பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் 1960களின் இறுதியில் ரஜுலா கப்பலில் குடும்பத்தோடு நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது பாட்டியின் கையில் இருந்த வளையல் முதலாவது. அதே தகரப்பெட்டியில் வந்த மணிமாலை இரண்டாவது. மூன்றாவது, என் பெரியப்பா பிற்பாடு வாங்கி வந்த, விரல் நீளமுள்ள பச்சைநிறப் பிள்ளையார்.

பாட்டிக்குப் பிறகு வளையலும் மாலையும் பீரோவில் அந்துருண்டைகளுக்கு நடுவே கிடந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அவற்றை எடுத்து, விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெயில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து வைப்பார். கல்லுக்கு எண்ணெய் காட்டாவிட்டால் வறண்டு வெடித்துவிடும் என்று பாட்டி சொன்னதாக அவர் சொல்கிறார். போன வாரம் முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது வளையல் விரலில் ஒட்டியது. பச்சைக்கு மேல் தேநீர்க் கறை போல ஒரு மஞ்சள் படிந்திருந்தது. உள்பக்க வளைவில் நகத்தால் சுரண்டினால் பழுப்பாகப் பிசுக்கு வந்தது. பிள்ளையாருக்கு எண்ணெய் போடுவதில்லை. ஆனால் சதுர்த்திதோறும் பால், தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச்சாறு, விபூதி என்று முறையாக அபிஷேகம் நடக்கிறது.

பக்கத்து வீட்டு மாமி, எலுமிச்சைத் தோலில் உமிக்கரியைத் தொட்டுத் தேய்த்தால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். தேய்ப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எண்ணெய் தொடரலாமா? இந்தப் பிசுக்கை எப்படி எடுப்பது?


கொள்ளிடக்கரை (அணைக்கரை)

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். எண்ணெயைப் பொறுத்தவரை நான் உங்கள் அம்மாவின் பக்கம். எங்கள் அத்தையும் ரங்கூனிலிருந்து வந்தவர். ஐம்பது ஆண்டுகள் அந்தக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டுமே காட்டினார். கல் எண்ணெயைக் குடித்து நிறம் ஆழமாகி வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் போடுங்கள் என்பதுதான் என் கருத்து.


வெளிப்பாளையத்தான் (நாகப்பட்டினம்)

எண்ணெய், எலுமிச்சை இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அது என்ன கல் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளாக இந்தக் கற்களைச் சேர்த்துவருகிறேன். நான் பார்த்த சேதங்களில் பெரும்பகுதி, இன்ன கல் என்று தெரியாமல் அக்கறையோடு தேய்த்ததால் வந்தவை.

ஜேட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு கனிமங்கள் இருக்கின்றன. இதை 1863இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சி தாமூர் பிரித்துக் காட்டினார். ஒன்று நெஃப்ரைட், கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிக்கேட். சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கியது இதைத்தான். மற்றொன்று ஜேடைட், சோடியமும் அலுமினியமும் கலந்த சிலிக்கேட். பர்மாவின் கச்சின் மாநிலத்தில் பாக்காந்த் பகுதியிலிருந்து வருவது இது. கற்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் நெஃப்ரைட்டின் கடினம் 6 முதல் 6.5 வரை, ஜேடைட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை இருக்கும். உள்ளே நுண்ணிழைகளும் மணிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பாய் முடைந்ததைப் போல, எளிதில் உடையாத உறுதி இரண்டுக்கும் உண்டு. இந்த உறுதியில் நெஃப்ரைட் ஒரு படி மேல்.

இந்த இரண்டும் அல்லாத பல பச்சைக்கற்களும் ஜேட் என்று விற்கப்படுகின்றன. ‘புது ஜேட்’ என்பது பெரும்பாலும் சர்ப்பென்டைன். ‘இந்திய ஜேட்’ என்பது அவென்சூரின், அதாவது அபிரகப் பொடி மின்னும் குவார்ட்ஸ். வெறும் கண்ணாடியும் உண்டு. இவற்றை வீட்டிலேயே ஓரளவு பிரித்துவிடலாம். நகை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று போதும். முதலில் வளையலை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடை குறைந்த, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். தையல் நூலில் கட்டிய வளையலை, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், வளையல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் கல்லின் அடர்த்தி கிடைக்கும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறிவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் குமிழி ஒட்டும் என்பதால், அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுச் செய்யுங்கள். ஜேடைட்டுக்கு 3.34 அளவிலும், நெஃப்ரைட்டுக்கு 2.95 அளவிலும், குவார்ட்ஸுக்கு 2.65 அளவிலும், சர்ப்பென்டைனுக்கு 2.6 அளவிலும் விடை வரும்.

உமிக்கரியைப் பற்றி ஒரு சொல். உமிச் சாம்பலில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சிலிக்கா. பித்தளைக் குடத்தின் மேல்தோலைச் சுரண்டியே அது குடத்தைப் பளபளக்க வைக்கிறது. கல்லின் மெருகையும் அப்படியே சுரண்டிவிடும். நம் வீடுகளில் படியும் தூசியும் இப்படிப்பட்டதே. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் கடினம் 7. தூசி படிந்த ஜேட்டை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, சில ஆண்டுகளில் மெருகு மங்கிவிடும். முதலில் தூசியைத் தண்ணீரில் ஓடவிட வேண்டும். துடைப்பது அதற்குப் பிறகுதான்.


அரசலாற்றங்கரை

வெளிப்பாளையம் ஐயாவுக்கு நன்றி. நேற்று மாலை, தெரிந்த பத்தர் ஒருவரிடம் தராசை இரவல் வாங்கி வந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிறுத்துப் பார்த்தேன். வளையல் 56.20 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது 16.85 காட்டியது. வகுத்தால் 3.335 வருகிறது. மூன்று முறை செய்தும் இரண்டாம் தசமத்துக்கு மேல் மாறவில்லை.

பிள்ளையார் 142.60 கிராம், தண்ணீரில் 54.90. விடை 2.60. பெரியப்பா அசல் ஜேட் என்று சொல்லி வாங்கியது என்பதால் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. அதன் பின் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளையாரின் பீடமும் முதுகும் இன்றும் ஈரம் பட்டது போலப் பளபளக்கின்றன. தலை, தும்பிக்கை, தொந்தியின் மேல்பகுதி ஆகியவை மட்டும் சாக்பீஸ் தொட்ட கரும்பலகை போல மங்கியிருக்கின்றன. அபிஷேகம் விழும் இடங்கள் அவைதாம்.


வெளிப்பாளையத்தான்

நீங்கள் கண்டது சரி. 2.60 என்றால் சர்ப்பென்டைனாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி இல்லை என்பதை உறுதி செய்ய, பத்தரின் உருப்பெருக்கியால் உள்ளே உருண்டைக் குமிழிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். சர்ப்பென்டைன் ஜேட்டைவிட மென்மையானது. புளிப்பு அதை மெல்ல அரிக்கும். தயிரும் எலுமிச்சையும் மேல்பரப்பைத் தளர்த்த, விபூதியில் உள்ள நுண்ணிய துகள்கள் தேய்க்கத் தேய்க்க மெருகை எடுத்துவிட்டன. கல் குறைந்த விலையுடையது என்பதால் பிள்ளையாரின் பெருமை குறையப்போவதில்லை. ஆனால் ஜேடைட்டை விட அவருக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் மட்டும் செய்துவிட்டு, பால் தயிர் அபிஷேகத்தை ஒரு சிறிய செம்பு வேலுக்கோ வெள்ளி விக்கிரகத்துக்கோ மாற்றிக்கொள்ள அம்மா சம்மதிப்பாரா என்று கேட்டுப்பாருங்கள்.

இனி வளையல். 3.335 என்றால் ஜேடைட் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஜேடைட் எண்ணெயைக் குடிப்பதில்லை. வெட்டி மெருகேற்றிய பிறகு, மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை மூடத் தேன்மெழுகு போன்ற நிறமற்ற மெழுகைத் தடவுவது நெடுநாள் வழக்கம். அந்த மெழுகின்மேல் எண்ணெய் உட்கார்ந்து, ஒளி சிதறுவதைக் குறைப்பதால் நிறம் ஆழமானதுபோல் தோன்றும். கொள்ளிடக்கரை அன்பர் கண்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். எண்ணெய் போனதும் அந்தத் தோற்றமும் போய்விடும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டால் நாளடைவில் இறுகிப் பிசினாகும் இயல்புடையது. விளக்கின் விளிம்பில் படிந்த பிசுக்கைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெய் அவ்வளவு இறுகாது என்றாலும் சிக்கடித்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.


கமலாலயக்கரை (திருவாரூர்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர் வீதிவிடங்கர் முதலாகத் திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் என்று ஏழு விடங்கத் தலங்களிலும் இருப்பவை மரகத லிங்கங்கள் என்று போற்றுகிறோம். உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்கு ஆண்டு முழுதும் சந்தனக்காப்பு. திருவாதிரையை ஒட்டி மட்டுமே அதைக் களைகிறார்கள். பச்சைக்கல்லைக் குளிர்ச்சியாக, எண்ணெயோ சந்தனமோ சாத்தி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கம் வலுவாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்குமா?


வெளிப்பாளையத்தான்

நல்ல கேள்வி. கோயில் திருமேனிகளின் பராமரிப்பு ஆகம மரபைச் சார்ந்தது; அதைப் பற்றி நான் ஏதும் சொல்ல மாட்டேன். கல் என்ற அளவில், மரகதமும் ஜேட்டும் வேறு வேறு. மரகதம் பெரில் என்னும் கனிமத்தின் பச்சை வகை; கடினம் 7.5 முதல் 8 வரை. அதற்குள் இயல்பாகவே வெடிப்புகள் நிறைய இருக்கும் என்பதால், அவை தெரியாமல் இருக்க எண்ணெய் ஊட்டி விற்பது இரத்தின வியாபாரத்தில் உலகெங்கும் உள்ள வழக்கம். எண்ணெய் வற்றினால் வெடிப்பு வெளியே தெரியும். ‘எண்ணெய் காட்டாவிட்டால் வெடித்துவிடும்’ என்று பாட்டி கேட்ட சொல் மரகதத்தைப் பற்றியதாக இருந்து, நிறம் ஒன்றாக இருப்பதால் ஜேட்டுக்கும் வந்திருக்கக்கூடும். மரகத மோதிரத்துக்குப் பொருந்தும் அறிவுரை ஜேட் வளையலுக்குப் பொருந்தாது.


பட்டறைக்காரர் (கும்பகோணம்)

மூன்று தலைமுறையாக நகைத்தொழிலில் இருக்கிறோம். சுத்தம் செய்யும் முறையை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். வழுக்கி விழுந்தாலும் கல் துணியில் விழட்டும். விரல் வைத்தால் சூடு தெரியாத வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் துலக்கும் திரவமல்லாத மென்மையான குழந்தைச் சோப்பு இரண்டு சொட்டு விடுங்கள். வளையலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான பல்துலக்கியால் அழுத்தாமல் துலக்கி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். பல ஆண்டுப் பிசுக்கு ஒரே நாளில் போகாது. தினம் ஒருமுறை என்று நாலைந்து நாள் செய்யுங்கள். அவசரப்பட்டுக் கொதிநீரில் போட்டால், எண்ணெயோடு மெழுகும் போய்க் கல் வெளுத்துத் தெரியும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், அலசிய பின் உலர்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் நல்லது. அதே கடையில் அமிலமும் விற்பார்கள் என்பதால், கேனில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். மழைக்காலத்தில் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரையும் தவிர்த்துவிடுங்கள். பூந்திக்கொட்டை நுரை தங்கத்துக்கு ஏற்றது. ஜேட்டில் செதுக்குவேலை இருந்தால் அதன் சக்கை இடுக்குகளில் தங்கிவிடுகிறது.

எங்கள் பட்டறையில் நடந்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் ஜேட் பதக்கத்தில் கொக்கி விட்டுப்போயிருந்தது. கல்லை ஈரத்துணியால் சுற்றிவிட்டு, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகுழல் தீயால் ஊதினேன். துணியைப் பிரித்தபோது கல்லின் ஓரத்தில் நெல்மணி அளவுக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. முகர்ந்தால் பிளாஸ்டிக் எரிந்த வாடை. அன்றுதான் அது பிசின் ஏற்றிய கல் என்று தெரிந்தது. ஈடு கொடுத்தேன், அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஜேட் என்று எது வந்தாலும், கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊதுகுழலைத் தொடுகிறேன்.


குடமுருட்டி (பாபநாசம்)

பட்டறைக்காரர் ஐயா சொல்வது எனக்கும் நேர்ந்தது. நான் வாங்கிய வெளிர்பச்சை வளையலை, எங்கள் பக்கத்து நகைக்கடை ஒன்றில் மற்ற நகைகளோடு சேர்த்து அதிர்வு இயந்திரத்தில் போட்டுச் சுத்தம் செய்து தந்தார்கள். வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால், வறண்ட வயலில் மண் பிளந்ததைப் போல மேற்பரப்பெங்கும் நுண்ணிய கோடுகள் வலையாக ஓடியிருந்தன. கேட்டதற்கு, கல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இதற்கு என்ன காரணம், இனி என்ன செய்யலாம் என்று சொல்ல முடியுமா?


வெளிப்பாளையத்தான்

ஜேடைட்டை வணிகத்தில் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஏ வகைக்கு மேல்மெழுகு தவிர வேறு எதுவும் ஏற்றப்படவில்லை. பி வகையை வன்மையான அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்புக் கறையை எடுத்துவிட்டு, அமிலம் அரித்த இடைவெளிகளில் பிசினை நிரப்பியிருப்பார்கள். 1980களிலிருந்து இது சந்தையில் பரவியது. சி வகைக்குச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். பிசின், சாயம் இரண்டும் சேர்ந்ததும் உண்டு. உங்களுடையது பி வகையாக இருக்கலாம். அமிலம் தின்ற வாய்க்கால்களில் பிசின் வயதாகி, சுருங்கி நிற்கும்போது அதிர்வும் சூடும் சேர்ந்தால் அந்த வாய்க்கால்கள் வெளியே தெரிந்துவிடும். இதை உறுதியாகச் சொல்ல அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை உள்ள இரத்தினப் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். வளையலை நாணயத்தால் தட்டி, மணி போல ஒலித்தால் ஏ, மழுங்கி ஒலித்தால் பி என்று சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தட்டுவதே அதை உடைத்துவிடும் என்பதால் நான் செய்வதில்லை.

அந்த வலையைத் திரும்ப மூட வீட்டில் வழியில்லை. பிசின் ஏற்றிய கல்லில் ஸ்பிரிட், நகச்சாயம் அழிக்கும் திரவம், அந்துருண்டை எதுவும் படக்கூடாது. அந்துருண்டையின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும். அரசலாற்றங்கரை அன்பரும் பீரோவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். வளையல் ஏ வகையாகவே இருந்தாலும், மாலையின் நூலுக்கும் கொக்கிக்கும் அது நல்லதல்ல. சாயம் ஏற்றிய கல் வெயிலில் வெளுக்கும். இயற்கை நிறம் வெளுக்காது.


மேலவீதி (தஞ்சாவூர்)

யாரும் இன்னும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் வெள்ளை நெஃப்ரைட்டில் தங்கத் தகடு பதித்து, சிறு சிவப்புக்கற்கள் கட்டிய பழைய பதக்கம் ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜஹாங்கீர், நூர்ஜஹான் பெயரால் காட்டப்படும் ஜேட் பிடிக் கத்திகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முகலாயக் கைவேலை தெரிந்திருக்கும். இத்தகைய பொருளைத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. இப்படித் தங்கத் தகட்டால் கல் பதிக்கும் குந்தன் வேலையில் கற்களுக்கு அடியில் அரக்கும், நிறம் கூட்டும் மெல்லிய உலோகத்தாளும் இருக்கும். ஈரம் உள்ளே போனால் தாள் கறுத்து, சிவப்புக்கல் சாம்பலாகத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர்கூட அரக்கை இளக்கலாம். நான் மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தள்ளிவிடுகிறேன். மிகவும் தேவைப்பட்டால் ஈரம் பிழிந்த துணி நுனியால் ஜேட் பரப்பை மட்டும் தொட்டு எடுக்கிறேன். பட்டறைக்காரர் ஐயாவின் முறை, வேறெதுவும் பதிக்காத கல்லுக்கு மட்டுமே உரியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.


பட்டறைக்காரர்

முற்றிலும் சரி. நான் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.


ஆறுகாட்டுத்துறை (வேதாரண்யம்)

மழைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது ஓடு பறந்து, அலமாரிக்குள் சேறும் உப்புத்தண்ணீரும் புகுந்தன. என் மனைவியின் ஜேட் காதணிகளும் சிறிய மீன் வடிவப் பதக்கமும் சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் பதினோரு நாள் நனைந்தே கிடந்தன. திறந்தபோது வெல்வெட்டின் சாயம் கரைந்து, மீனின் செதில்களுக்கு இடையில் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. சேற்றோடு துடைக்க மனைவி துணியை எடுத்தார். நல்லவேளையாக அவருடைய அண்ணன் தடுத்துவிட்டார். குடிதண்ணீரே குடத்துக்குக் காத்திருந்து வாங்கிய நாட்கள் அவை. அதிலும் ஒரு சொம்பு ஒதுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தோம். சேறு தானாகக் கரைந்து அடியில் இறங்கியது. மூன்று நாளில் உப்பும் போய்விட்டது. வெள்ளிக் கொக்கிகள் கறுத்துவிட்டன, அவற்றை மாற்றினோம். செதிலுக்குள் ஏறிய சிவப்பு இன்றும் மெல்லிதாகத் தெரிகிறது.

அதிலிருந்து நாங்கள் சாயமேற்றாத, கஞ்சி போக அலசிய மல்லுத்துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறோம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் ஒருமுறை வெயிலடிக்கும் நாளில் திறந்து காற்றாட விடுகிறோம். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்து, நூலில் பூஞ்சை பிடிக்கிறது.


வெளிப்பாளையத்தான்

தனித்தனியே என்று சொன்னீர்களே, அதை எல்லோரும் பின்பற்ற வேண்டும். வைரம், மாணிக்கம், நீலம் மூன்றும் ஜேட்டைக் கீறும். ஜேட், தன் பங்குக்குத் தங்கத்தைக் கீறும். ஒரே நகைப்பெட்டிக்குள் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் இரண்டு பக்கமும் சேதம்.


குடமுருட்டி

உடைந்த வளையலை ஒட்டலாமா? என் சித்தியின் வளையல் சமையலறைக் கருங்கல் மேடையில் பட்டு இரண்டாகிவிட்டது. உடைந்த முகங்கள் சர்க்கரைக்கட்டியை உடைத்தது போல மணிமணியாக மின்னுகின்றன.


பட்டறைக்காரர்

உடனடிப் பசையால் ஒட்டிக் கையில் போடாதீர்கள்; அடுத்த இடிப்பில் அதே இடத்தில் பிளந்து தோலைக் கிழிக்கும். பசை மஞ்சளாகி, பின்னால் வேலை செய்பவருக்கும் தொல்லை. துண்டுகளை உரசாமல் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு முனைகளுக்கும் தங்கத்திலோ வெள்ளியிலோ குப்பி செய்து மாட்டி, ஒரு பக்கம் கீலும் மறுபக்கம் திருகாணியும் வைப்பது சீனர்களிடம் பழைய வழக்கம். நம் ஊரில் காப்பு செய்யும் எந்த நல்ல பத்தரும் இதைச் செய்வார். குப்பியைத் தனியே ஊதி முடித்து, ஆறிய பிறகே கல்லை உள்ளே இறக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். கீல் வைப்பதால் கை பெருத்தவர்களும் போட்டுக் கழற்றலாம் என்பது கூடுதல் வசதி. மணிகள் போல மின்னுவது ஜேடைட்டின் இயல்பு. சித்தியின் கல் அசல் என்பதற்கு அதுவே ஓரளவு சான்று.


அரசலாற்றங்கரை

ஆறு நாள் ஆயிற்று. சொன்னபடி தினமும் மாலையில் கிண்ணத்தில் துண்டு விரித்து, வளையலை ஊறவைத்துத் துலக்கினோம். முதல் மூன்று நாள் தண்ணீர் கழுநீர் போலக் கலங்கியது. நான்காம் நாள் பிசுக்கு விட்டது. மஞ்சள் முழுதும் போய், ஒரு பக்கம் இளந்தளிர்ப் பச்சையும் மறுபக்கம் வெள்ளையில் ஊதாச் சாயலும் தெரிந்தன. அந்த ஊதாவை இத்தனை ஆண்டுகளில் நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. உள்வளைவில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. எண்ணெய் அதையும் மறைத்திருந்தது. இது விரிசலா?

பிள்ளையாரின் உள்ளே குமிழி எதுவும் இல்லை. அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, பால் தயிரை வெள்ளிப் பிள்ளையாருக்கு மாற்றிக்கொண்டார். பச்சைப் பிள்ளையாருக்கு ஆற்றுத் தண்ணீரும் அருகம்புல்லும் மட்டும்.


வெளிப்பாளையத்தான்

கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் விரிசல். தட்டாமல் வழுக்கிச் சென்று, பின்னாலிருந்து விளக்கு காட்டும்போதும் கோடு ஒளியைத் தடுக்காமல் இருந்தால், அது கல் உருவான காலத்திலேயே ஏற்பட்டு, வேறு கனிமம் நிரம்பி ஆறிய தழும்பாக இருக்கும். அதற்குப் பயம் இல்லை.


அரசலாற்றங்கரை

நகம் தட்டவில்லை. கைபேசி விளக்கில் கோடும் மற்ற இடத்தைப் போலவே ஒளிர்கிறது. அம்மா நிம்மதியடைந்தார். மாலையைத்தான் இன்னும் தொடவில்லை. நூல் இற்றுப்போய்ப் பழுப்பாக இருக்கிறது. நாற்பத்தொரு மணிகள்.


பட்டறைக்காரர்

மாலையைத் தண்ணீரில் போடாதீர்கள். நனைந்த பழைய நூல் பளுவில் அறுந்துவிடும். ஒரு தட்டில் துணி விரித்து, மணிகளின் வரிசை மாறாமல் நூலைக் கத்தரித்து எடுங்கள். ஒரே அளவாகத் தெரிந்தாலும் நடுமணி பெரிதாகவும் பக்கமணிகள் சிறுத்துக்கொண்டும் போகும். வரிசை கலைந்தால் திரும்ப அடுக்குவது பெரும்பாடு. ஒவ்வொரு மணியையும் தனியே கழுவி, துளைக்குள் மெல்லிய நூலை விட்டு இழுத்து அழுக்கை எடுங்கள். ஊசி வேண்டாம், துளையின் விளிம்பு பெயரும். நூலுக்குத் திருபுவனத்தில் சாயம் போடாத பட்டிழை கிடைக்கும்; நாலைந்து இழையை முறுக்கிக் கோத்து, மணிக்கு மணி முடிச்சுப் போடச் சொல்லுங்கள். முடிச்சு இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று உரசாது; நூல் அறுந்தாலும் ஒரே ஒரு மணிதான் விழும். நூல் தளர்ந்து, மணிக்கும் முடிச்சுக்கும் இடையே வெளி தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும். அடிக்கடி போடுவதாக இருந்தால் அது ஓரிரு ஆண்டுகளிலேயே தெரியும்.


அரசலாற்றங்கரை

நன்றி ஐயா. இந்த ஞாயிற்றுக்கிழமை திருபுவனம் போகிறேன். வளையலை அம்மா போட்டுக்கொண்டார். பாட்டியின் கை சிறியது போலும். சோப்பு நுரை தடவி, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டுதான் ஏற்ற முடிந்தது. கருங்கல் மேடையில் பாத்திரம் துலக்கும்போது மட்டும் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொள்ள வழியில்லையே என்று வருந்துகிறார்.


கொள்ளிடக்கரை

முதலிலேயே இடக்கையில் போட்டிருக்கலாம். அதே நுரையும் பையும் வைத்து இன்றே மாற்றிவிடுங்கள். கீழே பாய் விரித்து அதன்மேல் உட்கார்ந்து செய்யுங்கள். எண்ணெயைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அத்தையின் வளையல் இப்போது என் அண்ணியிடம் இருக்கிறது, அதையும் ஊறவைக்கச் சொல்லி இன்று பேசினேன்.